பந்தைக் காட்டில் போட்டவள் பேசுகிறேன்

மக்கா,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் மூன்று வரியைப் படித்துவிட்டு, ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு, நீ உன் மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். கழக்கூட்டத்தில் உன் வீட்டுக் கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டு வருவதாக உன் அப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார். மணி அடிக்க மாட்டாராம், உள்ளே வரவும் மாட்டாராம். உன் முகத்தைப் பார்த்தால் தனக்கும் கோபம் வந்துவிடும் என்று பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை, எனக்குக் கோபம் வந்து நாலு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாவது குழியில் நீ அடித்த அடியை நினைத்தால் இன்றைக்கும் கையில் இருக்கிற பாத்திரத்தை ஓங்கித்தான் வைக்கிறேன். அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விடுகிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவள் நான். கோப்பைத் திறக்கிறவருக்கு முன்கதை ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதித்தான் பழக்கம். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் பதினோரு வருடமாக நம் ஊர் கோல்ஃப் மைதானத்தில் ஜோடியாக ஆடுகிறோம். மழை ஓய்ந்ததும் மூன்று ஞாயிறு நடக்கிற அந்த ஜோடி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. நான் ஒரு அடி, நீ ஒரு அடி, மாறி மாறி. நான் எங்கே கொண்டுபோய் விடுகிறேனோ அங்கிருந்துதான் நீ அடிக்க வேண்டும். நீ விட்ட இடத்திலிருந்து நான். புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிற நடுப்பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். அதற்கு இரண்டு பக்கமும் வெட்டாமல் விட்ட புல்லுக்கு ரஃப் என்று பெயர். நம் வீட்டில் யாரும் ரஃப் என்று சொன்னதே இல்லை. காடு என்றுதான் சொல்வோம். பந்து காட்டுக்குள் போனால் அதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. பெரிய ஆட்டக்காரர்களுக்கும் போகும். போன பிறகு என்ன செய்கிறாய் என்பதில்தான் எனக்கும் உனக்கும் சண்டை.

ஏழாவது குழியில் பந்தைக் காட்டில் போட்டது நான்தான். மறைக்கவில்லை. முதல் அடி என்னுடையது. இடது பக்கம் பார்த்து அடிக்க வேண்டிய பந்து, தோள் திரும்பாததால் வலது பக்கம் வளைந்து மாமரத்தடிக்குப் போய்விட்டது. நீயும் நானும் சுகுமாரன் சேட்டனும் போய்த் தேடினோம். இருபது வருடத்துக்கு மேல் நமக்குப் பை தூக்குகிற மனிதர் அவர், புல்லைக் காலால் விலக்கிப் பார்த்து அவரேதான் கண்டுபிடித்தார். மழை குடித்த புல். பந்து அதன் அடியில் போய்ப் படுத்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு வெள்ளைதான் தெரிந்தது. நேரே முன்னால் இரண்டு மாமரம், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி, அதற்கு அப்பால் தூரத்தில் கொடி. இடது பக்கம் திரும்பினால் இருபது அடி தூரத்தில் ஃபேர்வே, நடுவில் ஒரு செடி கூட இல்லை. சேட்டன் ஒன்றும் பேசாமல் வெட்ஜை எடுத்து நீட்டினார். தலை மல்லாந்திருக்கிற குட்டை மட்டை. புல்லுக்கு அடியில் புகுந்து பந்தைத் தூக்கி வெளியே போடுவதற்கென்றே செய்தது. "சாறே, இது மதி. சைடிலேக்கு எடுத்தால் மதி" என்றார், பக்கவாட்டில் எடுத்தாலே போதும் என்று. நீ அதை வாங்கவே இல்லை. பைக்குள் கையை விட்டு ஹைப்ரிட்டை உருவினாய். நீளமான மட்டை, தூரம் போகிற மட்டை. "பற்றும் சேட்டா. கேப் இருக்கு. பற்றும்" என்றாய். முடியும் என்பதை நீ எப்போதும் மலையாளத்தில்தான் சொல்வாய், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் இந்தக் கடிதத்தின் வேரே. நீ ஓங்கி அடித்தாய். ஈரப் புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகியது. பந்து ஒரு முழம் நகர்ந்து மாமர வேரிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது என் முறை. நான் வெட்ஜை எடுத்து, கொடிக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்லத் தட்டி ஃபேர்வேயில் விட்டேன். அதற்கு நீ சொன்னாய், "இதுக்காம்மா இத்தன வருஷமா ஆடுன?" பிறகு அதே கோபத்தோடு போய் நாலாவது அடியை மணல் குழியில் போட்டாய். ஐந்தில் நான் மணலிலிருந்து எடுத்தேன், ஆறில் நீ உருட்டினாய், ஏழில் நான் குழிக்குள் போட்டேன். நீ இரண்டாவது அடியிலேயே பக்கவாட்டில் தட்டியிருந்தால் ஐந்தில் முடித்திருப்போம். அந்த இரண்டு அடிதான் இன்றைக்கு நாம் பின்தங்கி நிற்கிற இரண்டு அடி.

உனக்கு முப்பத்தொரு வயதாகிறது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே அலுத்துவிட்டது. இருந்தாலும் ஒரு தடவை எழுதியே வைக்கிறேன், இனிமேல் சொல்லமாட்டேன். காட்டுக்குள் போனதும் நீ முதலில் பார்ப்பது கொடியை. அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. முதலில் பந்தைப் பார். குனிந்து பார், உன் முதுகுக்கு ஒன்றும் வந்துவிடாது. பந்து புல்லின் மேலே குந்தியிருக்கிறதா, பாதி முங்கியிருக்கிறதா, அடியில் படுத்துவிட்டதா? மேலே இருந்தால் நீ ஹைப்ரிட்டை எடு, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். பாதி முங்கியிருந்தால் ஒரு மட்டை குட்டையாக எடு, அதிலும் பந்து தரையில் விழுந்து நிற்காமல் ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள். படுத்துவிட்டால் வெட்ஜைத் தவிர உனக்கு வேறு நாதி இல்லை. அடுத்து, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார். நீ அடிக்கப்போகிற திசைக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் அது மட்டையைப் பிடிக்கும், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடிக்கும். இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொள். பிறகு, வெளியே போக எது கிட்டத்து வழி என்று பார். முன்னால் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். கடைசியாக, அடுத்த அடியை அடிக்கப்போகிறவர் யார், அவருக்கு எங்கே விட்டால் வசதி என்று யோசி. இதெல்லாம் முடிந்த பிறகு கொடியைப் பார்க்க ஆசை இருந்தால் பார்த்துக்கொள். இத்தனையும் சேர்ந்து அரை நிமிஷ வேலை. உனக்கு அந்த அரை நிமிஷம் கிடைப்பதே இல்லை. மரத்துக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் போதும், கை மட்டைக்குப் போய்விடும்.

இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பாவைப் பலமுறை குடைந்திருக்கிறேன். "உன் குடும்பத்து ரத்தம்" என்று நானும், "உன் வாய்" என்று அவரும் சொல்லிக்கொள்வோம். திங்கட்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே தெரிந்துவிட்டது, அவர் சொன்னதுதான் சரி. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நடந்த பெண்கள் ஆட்டம் நினைவிருக்கிறதா? கடைசிக் குழி, நான் முன்னிலையில் இருந்தேன், பந்து காட்டில், எதிரே பலாமரம். பக்கவாட்டில் எடுத்திருந்தால் அந்த வருடக் கோப்பை நம் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். நான் நீள மட்டையை எடுத்தேன். பந்து பலாமரத்தில் மோதி என் தலைக்கு மேலே திரும்பி வந்து எனக்குப் பின்னால் விழுந்தது. அந்த ஒரு குழிக்கு எட்டு. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் உன்னிடம் அப்படியா சொன்னேன்? "பலாப்பழம் ரெண்டு கீழ விழுந்துதுடே, அப்படி ஒரு அடி!" என்று சொன்னேன். விருந்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பழங்களின் எண்ணிக்கை கூடியது. நீ என் மடியில் சாய்ந்துகொண்டு, "அம்மா, மறுபடி சொல்லு" என்பாய். நான் செய்த படுமுட்டாள்தனத்தை வீரக்கதையாக்கி ஒரு பிள்ளைக்கு வருடக்கணக்காக ஊட்டியிருக்கிறேன். அந்த அடியால் தோற்றேன் என்று ஒருமுறைகூட உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தோற்றேன், அழுதேன், ஒரு பழமும் விழவில்லை.

இனி, நான் ஏன் ஏழாவது குழியில் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். நாம் ஜோடியாக ஆடிய முதல் வருடம், மூன்றாவது குழியில் நீ பந்தைக் காட்டில் போட்டாய். நான் அடிக்கக் குனிந்தபோது பின்னால் நின்று, தோளை இறக்கு, மட்டையை மாற்று, மெதுவாக அடி என்று நச்சரித்தாய். நான் தவறவிட்டேன். வீடு வரைக்கும் காரில் கத்திக்கொண்டே வந்தோம். அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார், "காட்டுக்குள்ள கொண்டு போட்டவங்க அடுத்த அடியப் பத்திப் பேசாண்டாம். இனிமே அதுதான் சட்டம். ரெண்டு பேரும் வாய மூடுங்க." அந்த நேரத்துக்கு நல்ல சட்டமாகத்தான் இருந்தது. பிறகு அது மைதானத்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டவள் அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லக்கூடாது. ரயிலைத் தவறவிட்டவர் பஸ்ஸா காரா என்று கருத்துச் சொல்லக்கூடாது. பொன்முடிக்குப் போன கதையை மறந்திருக்க மாட்டாய். அப்பா ஒரு திருப்பத்தில் வண்டியைத் தப்பான வழியில் விட்டார். அதனால் அடுத்து எங்கே திரும்புவது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் போய்விட்டது. நீ போனில் மேப்பைப் பார்த்துச் சொன்னாய், நான் ஆமாம் போட்டேன். போய்ச் சேர்ந்தது எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு முன்னால். வண்டியைத் திருப்ப இடமில்லை, கோழிகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தன. அந்த மலைச்சாலைக்கு ஒரு காலத்தில் அளவெடுத்த பொதுப்பணித் துறை இன்ஜினியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார். நாம் மூன்று பேரும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வழி தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்ததை நாம் நல்ல குணம் என்று வைத்துக்கொண்டுவிட்டோம்.

சுசீந்திரத்தில் நடந்த கல்யாணத்தில் நான் செய்ததை இனி எழுதவேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். அனிதா, உன் மனைவி, யாரிடமும் சொல்லவேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். அவளுக்கும் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அது என்ன என்று இங்கேயும் எழுதமாட்டேன், கடிதம் நாளைக்கு யார் கையில் போகுமோ. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் சித்தியிடம் அதைச் சொல்லிவிட்டேன். அக்கறையில் சொன்னேன் என்று இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. அவள் என்னிடம் சொன்னாள் என்கிற பெருமையில்தான் சொன்னேன். பாயசம் பரிமாறுவதற்குள் அது நாலு இலை தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் யாரோ ஒரு அம்மாள், முன்பின் பழக்கமில்லாதவள், எல்லார் முன்னாலும் அனிதாவின் கன்னத்தைத் தடவி உச்சுக்கொட்டினாள். அந்தப் பெண் அப்படியே எழுந்து காரருகே நின்றிருந்த உன்னிடம் வந்தாள். நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "அம்மா அப்படித்தான். விடு, இதப் பெரிசாக்காத." நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவள் நம்மோடு காரில் ஏறவில்லை. நாகர்கோவிலில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பந்தைக் காட்டில் போட்டது நான், ஆகையால் நான் பேசக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. நீ அடிக்க ஆரம்பித்தாய். முதலில் கழக்கூட்டத்தில் தனி வீடு பார்த்து, வாசலில் அவள் பெயரைப் போட்டுப் பலகை அடித்து, போட்டோ எடுத்து அனுப்பினாய். பதில் இல்லை. அடுத்து இரண்டு மாமாக்களையும் பழத்தட்டோடு அனுப்பினாய். அவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு, எழும்போது "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும் மோளே" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். இப்போது மூன்றாவது. அடுத்த மாதம் உங்கள் கல்யாண நாளுக்கு நாகர்கோவிலில் ஹால் பிடித்திருக்கிறாய். இரண்டு குடும்பத்திலும் சேர்த்து அறுபது பேர். திரையில் உங்கள் படங்கள் ஓடுமாம், நீ மைக்கில் பேசப்போகிறாயாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நீ இதை என்னிடமும் அப்பாவிடமும் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஹைப்ரிட்டை உருவியபோது இருந்த அதே முகம். "பற்றும் அம்மா" என்றாய். எல்லாருக்கும் தெரிந்துபோனதுதான் அவளுக்கு வலி, முட்டாளே. நீ எல்லாரையும் கூட்டிவைத்தா அதற்கு மருந்து போடுவாய்?

அன்றைக்கும் நான் பேசவில்லை. காரில் வரும்போதும் பேசவில்லை. அந்தச் சட்டத்தைச் சொல்லி எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பேன் என்று திங்கட்கிழமை முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாகர்கோவில் பஸ் ஏறினேன். அப்பாவிடம் சொன்னேன், அவர் தடுக்கவில்லை. பையில் என் ரெட்டை வடச் சங்கிலியை எடுத்து வைத்திருந்தேன், அவள் கழுத்தில் போட்டுவிடலாம் என்று. என்ன பேசுவது என்று மனப்பாடமும் செய்திருந்தேன், நான் வளர்ந்த விதம், என் மாமியார் என்னைப் படுத்திய பாடு, எல்லாம் வைத்து ஒரு பெரிய பேச்சு. களியக்காவிளை தாண்டும்போதுதான் உறைத்தது, நானும் நீள மட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று. சங்கிலியைப் பையின் அடியில் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டேன். அவள்தான் கதவைத் திறந்தாள். கழுத்தில் ஹெட்போன், ஏதோ ஆபீஸ் கால் நடந்துகொண்டிருந்தது போல. "ரெண்டு நிமிஷம் அத்தை" என்று உள்ளே போய் முடித்துவிட்டு வந்தாள். அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை. "நீ நம்பிச் சொன்னத நான் வெளிய சொல்லிட்டேன் மக்கா. அக்கறையில சொல்லல. பெருமையில சொன்னேன். தப்பு என் மேலதான்" என்றேன். அவ்வளவுதான், மனப்பாடம் செய்ததில் ஒரு வரி கூட வரவில்லை.

அவள் அழுது என் மேல் சாயவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். "செரி அத்தை" என்றாள். பிறகு டீ போட்டாள். குடிக்கும்போது அவளாகவே சொன்னாள், "உங்க மேல கோவம் இருக்கு அத்தை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனா நான் அதுக்கு இங்க வரல்ல." நான் உன் ஹாலைப் பற்றி மெல்லச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, உன் மாமாவே போன் செய்து சேலை என்ன நிறம் என்று கேட்டாராம். "அவரு பெரிய பெரிய காரியமாட்டுச் செய்யுகாரு அத்தை" என்றாள். "வீடு பாத்தாரு. ஆள விட்டாரு. இப்ப ஹால். ரெண்டு மாசமாச்சு, ஒரு தடவ கூட அவரு வரல்ல. இங்கேருந்து ஒண்ணர மணிக்கூர்தான?" மூன்று பெரிய அடி அடித்தாய் என்று இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, நீ ஒரு தடவை கூட அந்த வாசலில் போய் நிற்கவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பெற்றவள் நான், அதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எரிச்சல் அதிகமாகிறது. போனால் அந்தக் காரருகே நின்றது பற்றிப் பேச வேண்டும். அம்மா செய்தது தப்பு, நான் உன் பக்கம் நிற்கவில்லை, அது அதைவிடத் தப்பு என்று சொல்ல வேண்டும். இது சின்ன வாக்கியம், இதைச் சொன்னால் ஒருத்தரும் கைதட்ட மாட்டார்கள். சொன்ன உடனே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்துவிடப்போவதும் இல்லை. நீ எங்கே இருந்தாயோ ஏறக்குறைய அங்கேயேதான் இருப்பாய், ஒரு அடி செலவாகியிருக்கும், ஆனால் நின்று பேசத் தரை இருக்கும். உனக்கு ஒரே அடியில் கொடி வேண்டும். என்னைக் குறை சொல்லாமலும் இருக்க வேண்டும், அவளும் திரும்பி வரவேண்டும், அறுபது பேர் பார்க்கவும் வேண்டும். நான் உனக்கு அம்மா, என்னைக் குறை சொன்னால் நான் செத்துவிட மாட்டேன். அவளிடம் போய் என்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல். எனக்கு வலிக்கும்தான். வலிக்கட்டும்.

ஹாலை ரத்து செய். மாமாக்களிடம் நானே பேசிக்கொள்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் எல்லாம் போய்விட்டது. சனிக்கிழமை காலை கிளம்பு. காரில் போனால் இரண்டு இடத்தில் நிறுத்தி போன் பேசி மத்தியானம் ஆக்கிவிடுவாய், பஸ்ஸிலேயே போ. பூ வேண்டாம், சேலை வேண்டாம், கேக் வேண்டாம். என்ன பேசவேண்டும் என்று போனில் டைப் அடித்து வைத்துக்கொண்டு போகாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். அவள் கதவைத் திறந்து உட்கார் என்று சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சொல். அவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கு. மறுநாள் காலையில் மறுபடி போய் நில். இரண்டாம் நாளும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஒருநாள் போய்விட்டு "பற்றவில்லை" என்று என்னிடம் வந்து நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் இருக்கிறது, இரண்டு அடிதான் பின்தங்கியிருக்கிறோம், பதினோரு வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். நேற்றுக் காலை கிளப்புக்குப் போய் நம் ஜோடியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை.

அம்மா